ஆனைமங்கலத்து நெல்

நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர் வட்டத்தில் ஆனைமங்கலம் என்றோர் ஊர் உள்ளது. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த சிற்றூர். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் புகைவண்டியில் அமர்ந்திருப்போர் இத்தகைய ஊர்கள் பலவற்றைப் பலகணிவழியே கண்டு, பெயரும் கேளாமற் கடந்துபோவர். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இவ்வூர் வயல்களில் விளைந்த நெல் எவ்வளவு என்பது இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவில் இருந்து ஆண்ட அரசர் ஒருவருக்கு அக்கறைக்குரிய செய்தியாக இருந்தது. இன்றோ அந்த நெல், பெங்களூர் விவேக் நகரில் குழாயைத் திறந்து குடம் நிரப்பும் நமக்கும் அக்கறைக்குரியதாகவே இருக்கிறது. முன்னதற்குக் காரணம் பக்தி. பின்னதற்குக் காரணம் தண்ணீர்.

முதலாம் இராசராச சோழனின் காலத்தில் சீவிசய நாட்டுக்கு மன்னராக இருந்தவர் ஸ்ரீ மாற விசயோத்துங்க வர்மர். சுமத்திராவில் மூசி ஆற்றின் கரையில் உள்ள பாலெம்பாங் நகரமே அந்நாட்டின் பழைய தலைமை இடம். மலேசியாவில் இன்று கெடா எனப்படும் கடாரமும் அவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இம்மன்னர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்தப் பள்ளியைக் கட்டுவித்து, தம் தந்தையாரின் பெயரால் அதனைச் சூளாமணி விகாரம் என்று அழைத்தார். கடல்வணிகத்தின்பொருட்டு வந்து தங்கிய தம் நாட்டார் வழிபடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சைவனான இராசராசன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, அப்பள்ளியின் செலவுக்காக ஆனைமங்கலத்தின் வரிநெல்லை விட்டுக்கொடுத்தான். அவன் மறைந்தபின், மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். மொத்தம் 21 ஏடுகள். அவற்றுள் ஐந்து வடமொழி; பதினாறு தமிழ். நெதர்லாந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தின் சேமிப்பில் நெடுங்காலம் இருந்தமையால் இவற்றிற்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊரின் பெயரால் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்று வழங்குவதே முறை என்பது என் கருத்து.

அதே இராசேந்திரன்தான் 1025 அளவில் கப்பற்படையை அனுப்பிச் சீவிசயத்தைத் தாக்கியவன். தந்தை கொடுத்த அறக்கட்டளையைச் செம்பில் பொறித்தவனே அக்கட்டளைக்குக் காரணமான அரச குலத்தின்மீது படையெடுத்தான். அதனாலும் உறவு அடியோடு அறுந்துவிடவில்லை. முதலாம் குலோத்துங்கனின் காலத்தில், 1090-ல், கிடாரத்து அரசரின் தூதுவர் வந்து கேட்டதன்பேரில் பள்ளிக்கு உரிய ஊர்களின் வரிகள் மீண்டும் ஒழுங்கு செய்யப்பட்டன. அச்செய்தி மூன்று ஏடுகள் கொண்ட சிறிய லெய்டன் செப்பேட்டில் காணப்படுகிறது. நாகப்பட்டினத்தில் பழைய செங்கற்கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றிருந்தது. கடலோடிகள் அதனைச் சீனக் கோபுரம் என்றனர். அதுவும் 1867-ல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தைச் சூழத் தோண்டியபோது கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் பல இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. கோபுரம் போயிற்று, அதற்கு நெல் அளந்த வயல் இன்றும் விளைகிறது.

செப்பேடு தரும் கணக்கு வியப்புக்குரியது. நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். பள்ளிக்குச் சேரவேண்டிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல். கலத்தோடு நில்லாமல் தூணி, குறுணி, நாழி வரை எண்ணிக் குறித்திருக்கின்றனர். வேலி ஒன்றுக்கு ஏறத்தாழ 92 கலம் ஆகிறது. பிற்காலத் தஞ்சை வழக்கில் 20 மா கொண்டது ஒரு வேலி. அஃது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. சோழர் கால நில அளவுகோல் ஊருக்கு ஊர் வேறுபட்டதாயினும், இக்கணக்கை வைத்துக்கொண்டால் பள்ளிக்கு விடப்பட்ட நிலம் 650 ஏக்கர் அளவினது. எல்லை குறித்த முறையும் சுவையானது. அதிகாரிகள் ஒரு பெண்யானையை ஊரைச் சுற்றி நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்தனர். சோழர் காலத்து நிலக்கொடைகளில் இது வழக்கமான சடங்கே. அக்கொடைகளில் மற்றொரு செய்தியும் வழக்கமாக வரும். கொடை பெற்றவர் வாய்க்கால் வெட்டி முறைப்படி நீர் பாய்ச்சிக்கொள்ளலாம். அயலார் அவ்வாய்க்காலை உடைத்துக் கிளைவாய்க்கால் வெட்டக்கூடாது, ஏற்றமிட்டு இறைக்கக்கூடாது, கூடையாலும் நீர் அள்ளக்கூடாது என்பது அது. கூடையால் அள்ளும் நீருக்கும் கட்டுப்பாடு வைக்க நேர்ந்ததெனில், ஆற்றங்கரை நாட்டிலும் நீர் எத்துணை அருமையானதாக இருந்தது என்பதை உய்த்துணரலாம்.

ஆற்றுச் சமவெளியில், கடலுக்கு அணித்தே உள்ள ஒரு வேளாண் சிற்றூர் எவ்வாறு இயங்குகிறது என்பதை இனிக் காண்போம். காவிரியைப் பற்றி நம்மில் பலரும் பேசுகிறோம். பேசுவோரில், கடைமடையில் ஒரு போகமாவது இருந்து பார்த்தவர் சிலரே.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒவ்வோராண்டும் ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது மரபு. திறந்த நீர் மூன்று நான்கு நாட்களில் கல்லணையை அடையும். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் அவ்வணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் நான்காகப் பிரிக்கப்படும். கொள்ளிடம் வெள்ளத்துக்குரிய வடிகால். மற்ற மூன்றும் பாசனத்துக்கு உரியவை. தஞ்சைக்கு அருகில் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலத்தில், மூணாறு தலைப்பு எனப்படும் இடத்தில், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இன்னும் கிழக்கே பாண்டவையாறு, ஓடம்போக்கியாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு எனப் பெயர்கள் பெருகிக்கொண்டே போகும். மற்ற நாடுகளில் சிற்றாறுகள் ஒன்றுசேர்ந்து பேராறு ஆகும். இங்கோ பேராறு பிரிந்து பிரிந்து சிற்றாறாகி, வாய்க்காலாகி, இறுதியில் ஒருவன் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தித் திறக்கும் மடையாகிவிடுகிறது.

அம்மடைகளுள் கடைசியில் இருப்பது கடைமடை. தலைமடை நிலம் நனைந்து மிஞ்சியதே அதற்கு. வாய்க்காலில் புல்லும் வெங்காயத்தாமரையும் மண்டினால் முதலில் காய்வது கடைமடை. ஆற்றில் வெள்ளம் பெருகினால் முதலில் மூழ்குவதும் அதுவே. சட்ட ஏடுகளில் ஆற்றின் கீழ்ப்பகுதி மாநிலம் என்பதைக் குறிக்க மொழிபெயர்ப்பாளர்களாகிய நாங்கள் நீண்ட தொடர்களைக் கட்டுகிறோம். உழவர் கீழ்மடை, கடைமடை என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டனர்.

நீரைப் பங்கிடுவதற்கு ஊர்தோறும் நீர்க்கட்டி என்றொரு பணியாளர் இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் அவருடைய பொறுப்பு. அறுவடைக் காலத்தில் களத்தில் அவருக்கென நெல் அளந்துவிடுவர். கோடையில் ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாரும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். இவ்விரண்டும் பல ஊர்களில் மங்கிவிட்டன. 2017 முதல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே தூர்வாரும் திட்டத்தை நடத்தியது. பெயரை மீட்பது எளிது. ஊர்க்கூட்டத்தின் கட்டுப்பாட்டை மீட்பது அத்துணை எளிதன்று.

தஞ்சை நெல்லுக்குக் குறுவை, சம்பா, தாளடி என மூன்று பருவங்கள். ஜூனில் தொடங்கி மூன்றரை மாதத்தில் முடிவது குறுவை. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நடுவது தாளடி. ஆவணிக்கு முன்பின்னாகத் தொடங்கித் தைப்பொங்கலை ஒட்டி அறுப்பது சம்பா. மேல்மடை ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறு வைத்து, மேட்டூர் திறவாத ஆண்டிலும் குறுவை நடுகின்றனர். கடலோரக் கடைமடையில் அதற்கு வழியில்லை. பூமிக்கடியில் உள்ள நீர் பல இடங்களில் உவர்நீர். ஆதலால் அங்கே சம்பா ஒன்றே நம்பிக்கைக்குரிய பயிர். நாற்றுவிட்டு நடுவதற்கு ஆற்றுநீர் உரிய காலத்தில் வருமோ என்ற ஐயத்தால், பலர் புழுதியில் நேரே விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்திருக்கின்றனர். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னர், நெற்கதிர் நிற்கும்போதே ஈரவயலில் உளுந்தும் பயறும் தெளிப்பர். நெல்லை அறுத்தபின், பனியீரத்திலேயே அவை முளைத்து வளர்ந்து காய்க்கும். உழவில்லை, எருவில்லை, நீர் பாய்ச்சலும் இல்லை. இத்துணைச் சிக்கனமான வேளாண்மை வேறெங்கும் உண்டோ என்று தோன்றும்.

இவ்வேற்பாடு முழுவதும் ஒரு நாள்கணக்கைச் சார்ந்தது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் சம்பாப் பயிர் ஓரடி உயரமாவது வளர்ந்திருக்கவேண்டும். இல்லையேல் மழைநீரில் மூழ்கி அழுகும். அதற்கு ஆற்றுநீர் ஆகஸ்டுக்குள் கடைமடையைத் தொடவேண்டும். மேட்டூர் அணை 2016-ல் செப்டம்பர் 20 அன்றும், 2017-ல் அக்டோபர் 2 அன்றும், 2019-ல் ஆகஸ்டு 13 அன்றும்தான் திறக்கப்பட்டது. 2020, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் ஜூன் 12 தவறவில்லை. 2022-ல் மே 24 அன்றே திறந்தனர். 2024-ல் ஜூலை 28 ஆயிற்று. பத்திரிகையில் ஒரு மூலையில் வரும் இந்தத் தேதிகளே கடைமடை வீடுகளில் திருமணம் நடக்குமா, கடன் தீருமா என்பதை முடிவு செய்கின்றன. 2016-ல் ஆறும் பிந்தியது, மழையும் பொய்த்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அவ்வாண்டு வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. கருகிய பயிரின் நடுவே உழவர் பலர் உயிர்நீத்த செய்திகள் அந்தப் பனிக்காலத்தில் நாள்தோறும் வந்தன.

நீர் மிகுந்தாலும் இடர்தான். கடலை நோக்கிய நிலச்சாய்வு மிகக் குறைவு. அலையேற்றம் உள்ள வேளையில் ஆறு கடலில் இறங்காது எதிர்த்து நிற்கும். உவர்நீர் ஆற்றுக்குள் ஏறிவரும். இதனைத் தடுக்கவே கழிமுகங்களுக்கு அருகில் இயக்கு அணைகள் உள்ளன. கதவை இறக்கினால் கடல்நீர் உட்புகாது. ஏற்றினால் வெள்ளம் வடியும். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதில் தவறினால் ஊர் முழுவதும் பாழ். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பல வயல்களில் உப்பைப் படியவைத்துச் சென்றது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுவடைக்கு நின்ற கதிர்மேல் பருவந்தப்பிய மழை பெய்தது. ஈரநெல்லைக் கொண்டுசென்றால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டு ஈரப்பத வரம்பு குறுக்கே நிற்கும். அரசு சலுகை அறிவிக்கும்வரை குவித்த நெல்லுக்குப் படுதா போர்த்திக் காத்திருப்பது அவ்வூர்களில் பழகிப்போன காட்சி.

இவ்வளவு பாடுபட்டு விளைந்த நெல் யாருக்குச் சேர்ந்தது என்பதையும் கூறாமல் விடலாகாது. செப்பேடு கலக்கணக்கைத் தருகிறது. நாற்று நட்ட கைகளின் கணக்கைத் தரவில்லை. தஞ்சைப் பகுதியில் பண்ணையாள் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிலவிற்று. 1952-ல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1960 அளவில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது, விளைச்சல் ஏறியது. கூலிநெல் அவ்வளவாக ஏறவில்லை. ஆனைமங்கலம் இருக்கும் அதே கீழ்வேளூர் வட்டத்தில் உள்ளது கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டெழுந்த பூசலில், 1968 டிசம்பர் 25 இரவு, அங்கே ஒரு குடிசையில் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களைப் பின்னர் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 1971-ல் வந்த சட்டம் ஒன்று, பண்ணையார் நிலத்தில் குடியிருந்த தொழிலாளர்க்கு அம்மனைக்கட்டின் உரிமையை அளித்தது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-ல் நிறுவிய லாப்டி என்னும் இயக்கம் நிலமற்ற பெண்கள் பலருக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. இருப்பினும் கடைமடையிலிருந்து வெளியேறுவோர் குறையவில்லை. முன்பு நாகப்பட்டினம் துறைமுகத்தில் ராஜுலாக் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயினர். இன்று திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வருகின்றனர். அறுவடை இயந்திரம் வந்தபின் அறுப்புக்கூலியும் போய்விட்டமையால், கட்டட வேலைக்குப் பெயர்ந்தோர் பலர்.

சூளாமணி விகாரம் கட்டிய மன்னரின் நாட்டில் ஆற்றுச் சமவெளி ஊர்கள் எப்படி இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்ப்பதும் பயனுடையதே. மூசி ஆற்றின் கீழ்ப்பகுதி பெரும் சதுப்புநிலம். 684-ஆம் ஆண்டைச் சேர்ந்த தாலாங் தூவோ கல்வெட்டு, சீவிசய மன்னர் ஒருவர் அங்கே தென்னை, கமுகு, சவ்வரிசிப் பனை முதலியன நட்டுத் தோட்டம் அமைத்ததைக் கூறுகிறது. நெல்வயல்கள் அங்கே பரந்து விரிந்தது நம் காலத்தில்தான். 1969-க்குப் பின், மக்கள் நெருக்கம் மிக்க சாவகத் தீவிலிருந்து உழவர் குடும்பங்களை அழைத்துவந்து, சதுப்பில் கால்வாய் வெட்டி, ஆளுக்குச் சில ஏக்கர் கொடுத்து இந்தோனேசிய அரசு குடியமர்த்தியது. அங்கே பாசனம் நடைபெறும் முறை நம்முடையதற்கு நேர்மாறானது. கடல் அலையேறும்போது, அது ஆற்றின் நன்னீரைப் பின்னோக்கித் தள்ளும்; அந்நீர் கால்வாய்வழியே வயலில் ஏறும். அலை இறங்கும்போது வயல்நீர் வடிந்துவிடும். அணையும் இல்லை, திறப்புத் தேதியும் இல்லை, நிலவே நீர்க்கட்டி. காலிமந்தானில் பஞ்சார் மக்கள் ஆழநீரில் நிற்கத்தக்க உயரம் வரும்வரை நாற்றை ஒன்றுக்கு மூன்று முறை பிடுங்கி நடுவர்.

அங்கும் இடர் இல்லாமலில்லை. அச்சதுப்பு மண்ணில் கந்தகம் கலந்த இரும்புக்கனி உள்ளது. நீரில் மூழ்கியிருக்கும்வரை தீங்கில்லை. வடிகாலை அளவுக்குமேல் ஆழமாக வெட்டி மண்ணை உலரவிட்டால், காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகி வேரைத் தின்றுவிடும். பத்து இலட்சம் எக்டரை நெல்வயலாக்குவோம் என்று 1995-ல் மத்திய காலிமந்தானில் தொடங்கிய பெருந்திட்டம், கால்வாய்களால் சதுப்பை உலர்த்தியது. 1997-ல் அந்நிலம் மாதக்கணக்கில் எரிந்தது. சில ஆண்டுகளில் திட்டமே கைவிடப்பட்டது. நீரைக் கொண்டுவருவது எப்படி என்பது காவிரிக் கடைமடையின் கவலை. நீரை எவ்வளவு வெளியேற்றலாம் என்பது சுமத்திரா, காலிமந்தான் சமவெளிகளின் கவலை.

இவ்விரு நாட்டு நெல்லுக்கும் விதைவழி உறவும் ஒன்று உண்டு. வங்காளத்து லத்திசைல் நெல்லையும் சீன நெல் ஒன்றையும் ஒட்டி இந்தோனேசியாவில் உருவாக்கிய வகை பேத்தா. அப்பேத்தாவைத் தைவான் நாட்டுக் குட்டைநெல்லோடு இணைத்துப் பிலிப்பைன்ஸில் 1966-ல் வெளியிட்டதே ஐ.ஆர்.8. தஞ்சை வயலில் அது ஆடுதுறை 27 என்னும் வகையோடு போட்டியிட்டது. ஆயினும் ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் கடைமடையின் வெள்ளத்தில் மூழ்கிவிடும். அவ்விடத்துக்கு ஏற்றவை என முன்னோர் கண்டவை வேறு, உவர்நிலத்துக்குக் குழியடிச்சான், களர்பாலை, வெள்ளத்துக்குக் காட்டுயானம். 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன் இத்தகைய மரபு நெல்வகைகளைத் தேடித் தொகுத்து, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி உழவர்க்கு வழங்கியவர். அறிவியலாரும் சும்மா இருக்கவில்லை. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து மூழ்குதலைத் தாங்கும் மரபணுவை எடுத்துச் சி.ஆர்.1009 என்னும் சம்பா வகையில் சேர்த்தனர். சி.ஆர்.1009 சப்-1 எனப்படும் அந்நெல் நாகை மாவட்டத்தில் இன்று பெரிதும் பயிராகிறது. பயிர் இரு வாரம் நீருக்கடியில் கிடந்தாலும் மீண்டும் தழைக்கும்.

இனி நம் குழாய்க்கு வருவோம். விவேக் நகரில் வாழும் தமிழர் எல்லாரும் தஞ்சைப் பகுதியார் அல்லர்; வட ஆர்க்காடு, தருமபுரி, சேலம் வழியினரே மிகுதி. எப்பகுதியாராயினும் இங்குக் குடிப்பது காவிரி நீர். தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாய்வழியே, ஆயிரத்தைந்நூறு அடிக்கும் மேலாக ஏற்றி, இந்நகருக்குக் கொண்டுவருகின்றனர். முதற்கட்டம் 1974-ல் நிறைவேறியது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

காவிரி வழக்கின் போக்கு பலரும் அறிந்ததே. 1924-ல் மைசூரும் சென்னையும் செய்த உடன்பாடு; 1990-ல் நடுவர் மன்றம்; 2007-ல் அதன் இறுதித் தீர்ப்பு. தமிழ்நாட்டுக்கு 192 டி.எம்.சி. என்றது அத்தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-ல் பத்து, கழிமுக நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டதால். எஞ்சிய 4.75 பெங்களூரின் குடிநீருக்காக. நகரில் மூன்றில் ஒரு பகுதியே காவிரி வடிநிலத்துள் அடங்குவது என்ற கணக்கில் நடுவர் மன்றம் முன்பு குடிநீர் ஒதுக்கியிருந்தது. மாநகரத்தார் அனைவருக்கும் குடிநீர் வேண்டும், வடிநில எல்லை அதற்குத் தடையாகாது என்று உச்சநீதிமன்றம் கருதியது. ஆக, அந்த 4.75-ல் நம் வீட்டுக் குடமும் அடக்கம்.

இதனை ஆனைமங்கலத்து அளவுகோலால் அளந்து பார்க்கலாம். ஒரு போக நெல்லுக்கு வயலில் மொத்தம் நான்கடி உயர நீர் வேண்டும் எனக் கொள்வோம். ஓரேக்கருக்கு 1,74,240 கன அடி. ஒரு டி.எம்.சி. 5,700 ஏக்கருக்கு வரும். இராசராசன் விட்ட 650 ஏக்கருக்குத் தேவை, ஒரு டி.எம்.சி.யில் ஒன்பதில் ஒரு பங்குதான். அவ்வகையில் 4.75 டி.எம்.சி. நாற்பத்திரண்டு ஆனைமங்கலங்களுக்கு நிகர். மழைநீரையும் சேர்த்தால் ஆற்றிலிருந்து வேண்டுவது குறையும். வாய்க்காலில் வீணாவதைச் சேர்த்தால் கூடும். எனவே இது துல்லியக் கணக்கன்று. அளவை உணர்வதற்கான கணக்கு. அதே மூச்சில் மற்றொன்றையும் கூறவேண்டும். மாதவாரியாக பிலிகுண்டுலுவில் வந்துசேரவேண்டிய நீர் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டி.எம்.சி. கடைமடையின் உயிர் இந்த நான்கு மாதங்களில் உள்ளது. மழை குறைந்த ஆண்டில் இவற்றில் எவ்வளவு குறைப்பது என்பதற்கு இருதரப்பும் ஏற்கும் வாய்பாடு இன்னும் அமையவில்லை. பெரிய பூசல் அங்கேதான். நம் குடத்தில் அன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் அப்பூசலின் சூட்டை இந்நகரத் தமிழர் தாங்க நேர்ந்தது. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் நடந்தவற்றை இங்கு விரித்துரைத்தல் வேண்டா. அவ்வாரங்களில் தமிழர்க்குத் தம் வீட்டில் இடங்கொடுத்த கன்னட அண்டை வீட்டார் பலர் இருந்தனர் என்பதும் அப்போது இங்கிருந்தோர் அறிந்ததே.

குடித்தும் குளித்தும் கழித்த நீர் எங்கே போகிறது என்று கேட்போர் குறைவு. நகரின் மேற்குப் பகுதிக் கழிவுநீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதிவழியே காவிரியையே மீண்டும் சேரும். விவேக் நகரின் நீர் அவ்வழி செல்வதில்லை. கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்கிப் பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி என்று கடந்து தென்பெண்ணையை அடைகிறது. 2018 முதல், சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு இறைக்கின்றனர். எஞ்சியது ஓசூரில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பல ஆண்டுகளில் அது நுரை பொங்கி வந்ததைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். ஆகவே காவிரியிலிருந்து மேலேற்றிய நீர், மேட்டூருக்குத் திரும்பாமல், மற்றோர் ஆற்றின்வழியே தமிழ்நாட்டில் நுழைகிறது. கெலவரப்பள்ளியைக் கடந்தால் கிருஷ்ணகிரி அணை, அதன்பின் சாத்தனூர் அணை. இரண்டும் 1958-ல் முடிந்தவை. திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரத்து வயல்களைத் தொட்டுக் கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே கடலோரமாகவே சென்றால், கொள்ளிடத்தின் கழிமுகத்தையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் தாண்டி நாகப்பட்டினம் வரும். ஆனைமங்கலத்துக்குச் செல்வோர் அங்கே திருவாரூர்ச் சாலையைப் பிடிக்கவேண்டும்.